கம்பி முனைக்கு ஒரு பூண்

2018ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மணிப்பூர் மாநிலத்தின் லெய்சாங் கிராமத்துக்கு மின்சாரம் சென்று சேர்ந்ததோடு, நாட்டில் மக்கள் வாழும் கிராமங்கள் அனைத்தும் மின் இணைப்புப் பெற்றுவிட்டன என்று அறிவிக்கப்பட்டது. 1969ல் ஊரக மின்மயக் கழகம் நிறுவப்பட்ட காலத்திலிருந்து தொடர்ந்து வந்த ஒரு பெரும் பணியின் ஒரு கட்டம் அன்று நிறைவெய்தியது. 2017 செப்டம்பரில் தொடங்கப்பெற்ற சௌபாக்யா திட்டத்தின் வழியாக இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் புதிதாக ஒளி பெற்றன. நிலக்கரிச் சுரங்கம், அனல் மின் நிலையம், உயர் அழுத்தக் கோபுரங்கள், துணை நிலையங்கள், தெருமுனை மின்மாற்றி என நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் கடந்து வரும் மின்சாரம், முடிவில் ஒரு சிறிய பித்தளைத் துளைக்குள் திருகாணியின் அடியில் நசுங்கிக் கிடக்கும் கம்பி முனையின் வழியாகத்தான் வீட்டு விளக்கையோ பம்பு செட்டையோ சென்றடைகிறது. அந்த முனையின் நீளம் 1 சென்டி மீட்டருக்கு மேல் இராது.

மின்வளர்ச்சி பற்றிய விவாதங்கள் மெகாவாட் கணக்கிலேயே நடைபெறுவது வழக்கம். அது இயல்பே. ஆயினும் மின்சாதனங்கள் கருகுவதும், மீட்டர்ப் பெட்டி புகைவதும், சில வேளைகளில் வீடே தீக்கு இரையாவதும் பெரும்பாலும் மின் உற்பத்திக் குறைவால் நிகழ்வன அல்ல. கம்பியும் கருவியும் சந்திக்கும் இடத்தில், அதாவது மின்முனையத்தில் நேரும் சீர்கேட்டால் நிகழ்வனவே அவற்றுள் பல. இச்சீர்கேட்டைத் தடுக்க மின்பொறியாளர்கள் கையாளும் முறைகளுள் மிக எளியது, கம்பியின் முனைக்கு ஓர் உலோகக் குழலை மாட்டி அதனை முறைப்படி நெரித்துப் பொருத்துவதாகும். ஃபெரூல் என்று தொழில் வட்டாரத்தில் வழங்கும் இக்குழலுக்குத் தமிழில் பூண் என்பதே பொருத்தமான சொல். உலக்கையின் முனை பிளந்து சிதையாமலிருக்க இரும்புப் பூண் இடுகிறோம் அல்லவா? இங்கும் வேலை ஏறத்தாழ அதுவே.

இழைகள் தரும் தொல்லை

முற்காலத்தில் வீட்டு மின்னிணைப்புக்குப் பயன்பட்ட கம்பிகள் ஒற்றைக் கம்பியாகவோ, மூன்று அல்லது ஏழு தடித்த இழைகளை முறுக்கியதாகவோ இருந்தன. மூன்று-இருபத்திரண்டு, ஏழு-இருபது என்று மூத்த கம்பியாளர்கள் இன்றும் கூறுவது இழைகளின் எண்ணிக்கையையும் அவற்றின் கேஜ் அளவையும் குறிப்பதாகும். இத்தகைய கம்பியின் முனையைத் துளைக்குள் செலுத்தித் திருகாணியை முடுக்கினால் அது ஓரளவு உறுதியாக நின்றுவிடும்.

இன்று கடைகளில் கிடைக்கும் தாமிரக் கம்பிகள் பெரும்பாலும் நெகிழ் கம்பிகள். எடுத்துக்காட்டாக, குளியலறை வெந்நீர்ச் சாதனத்துக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் இடும் 2.5 சதுர மில்லி மீட்டர் கம்பிக்குள் 0.3 மில்லி மீட்டர் விட்டமுள்ள 36 இழைகள் உள்ள வகை பரவலாக விற்பனையாகிறது. வளைந்து நெளிந்த குழாய்களுக்குள் இதனை எளிதில் இழுத்துவிடலாம். அடிக்கடி வளைத்தாலும் முறியாது. பணிபுரிவோர் இதனை விரும்புவதில் வியப்பில்லை.

ஆனால் வளைவதற்கு உதவும் அதே மென்மை முனையில் தீங்காகிறது. காப்புறையை உரித்தவுடன் இழைகள் துடைப்பம்போல் விரிகின்றன. துளைக்குள் நுழைக்கும்போது இரண்டொரு இழை வெளியே தங்கி அடுத்த முனையத்தைத் தொட்டுவிடக்கூடும். நுழைந்த இழைகளையும் திருகாணியின் கூர்முனை இரு பக்கமும் ஒதுக்கித் தள்ளுகிறது. அதன் நேர் அடியில் சிக்கியவற்றை வெட்டிவிடுகிறது. காப்புறையைக் கத்தியால் சீவும்போது அறுபட்ட இழைகள் வேறு. 36ல் 6 இழைகள் இவ்வாறு போனால், அந்த இடத்தில் மட்டும் கம்பி ஆறில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது என்று பொருள். இதைவிடக் கேடானது ஒன்று உண்டு. இழைகள் நாள்பட நாள்பட ஒன்றன் இடுக்கில் ஒன்று அமர்ந்து இடம் பெயர்வதால், முதல்நாள் இறுக்கமாக இருந்த திருகாணி சில மாதங்களில் தானாகவே தளர்ந்து போகிறது. கம்பியை இரண்டாக மடித்துத் துளைக்குள் செருகுவது நம் கம்பியாளர்களிடையே உள்ள பழக்கம். அதனால் துளை நிறையுமேயன்றி இழைகள் ஒன்றுபடுவதில்லை.

வெப்பம் பிறக்கும் இடம்

இரண்டு உலோகப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், அவை உண்மையில் தொட்டுக்கொண்டிருப்பது சில நுண்ணிய மேடுகளில் மட்டுமே. மின்தொடர்பு இயலை ஆழ்ந்து ஆராய்ந்த அறிவியலாளர் ராக்னார் ஹோம் இதனைத் தெளிவாக நிறுவினார். மின்னோட்டம் முழுவதும் அச்சிறு புள்ளிகளின் வழியே நெருக்கியடித்துக்கொண்டு செல்ல வேண்டும். அழுத்தம் மிகுந்தால் புள்ளிகள் பெருகும், அகலும். அழுத்தம் குறைந்தால் அவை சுருங்கும். இணைப்பின் மின்தடை இதனைப் பொறுத்தே அமைகிறது.

மின்தடையால் விளையும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வது மாணவர்கள் அறிந்ததே. 3 கிலோவாட் வெந்நீர்ச் சாதனம் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 13 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். முனையத்தின் தடை 0.005 ஓம் எனில் அங்கே விளையும் வெப்பம் 1 வாட்டுக்கும் குறைவு. அது தளர்ந்து 0.1 ஓம் ஆகிவிட்டால் வெப்பம் 17 வாட்டை எட்டிவிடும். 17 வாட் என்பது ஒரு சிறிய விளக்கின் அளவுதானே என்று எண்ணலாம். வானொலிப் பெட்டி பழுதுபார்ப்போர் ஈயத்தை உருக்கக் கையாளும் பற்றவைப்புக் கோலின் திறன் 25 வாட். அது எவ்வளவு சுடும் என்பதை எண்ணிப்பார்த்தால், பட்டாணி அளவேயுள்ள முனையத்தில் 17 வாட் என்ன செய்யும் என்பது விளங்கும். சாதாரண பி.வி.சி. காப்புறை 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாங்குவதற்கென ஆனது. அதற்கு மேல் அது நிறம் மாறி, இளகி, கடைசியில் கருகும். வெப்பத்தால் தாமிரத்தின்மீது ஆக்சைடு படியும். படிந்தால் தடை கூடும். தடை கூடினால் வெப்பம் மேலும் ஏறும். இச்சுழல் தொடங்கிவிட்டால் தானே நிற்பதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. உருகியும் தானியங்கு மின்துண்டிப்பானும் மிகை மின்னோட்டத்தைக் கண்டுதான் செயல்படுகின்றன. தளர்ந்த முனையத்தில் மின்னோட்டம் மிகுவதில்லை. சற்றுக் குறையவும் கூடும். ஆகவே முனையம் செந்தணலாகக் கனன்றாலும் துண்டிப்பான் அமைதியாக இருக்கும். தீ விபத்து நிகழ்ந்த மறுநாள் நாளேடுகளில் 'மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது' என்ற ஒரே வரி வெளிவருகிறது. கசிவு வேறு, குறுக்குச் சுற்று வேறு, முனைய வெப்பம் வேறு. மூன்றையும் ஒரே பெயரால் அழைப்பதால் மூன்றாவது யாருடைய ஆய்வுக்கும் உட்படாமலே போய்விடுகிறது.

பூணின் அமைப்பும் செயலும்

பூண் என்பது தூய தாமிரத்தாலான மெல்லிய குழல். அதன்மீது வெள்ளீய முலாம் பூசப்பட்டிருக்கும். கம்பி நுழையும் பக்கத்தில் புனல்போல் விரிந்த பிளாஸ்டிக் கழுத்து ஒன்று இருப்பது பெருவழக்கு. இழைகள் வெளியே பிதுங்காமல் உள்ளே செல்லவும், காப்புறைக்கும் உலோகத்துக்கும் இடையே வெற்றிடம் தோன்றாமலிருக்கவும் இக்கழுத்து உதவுகிறது. கம்பியின் குறுக்குப் பரப்புக்கேற்பப் பூணின் அளவு மாறும். அளவை அடையாளம் காணக் கழுத்துக்கு வண்ணம் இடுவர். ஜெர்மானியத் தர நிர்ணயமான டின் 46228ன்படி 1 சதுர மில்லி மீட்டருக்குச் சிவப்பு, 1.5க்குக் கறுப்பு, 2.5க்கு நீலம், 4க்குச் சாம்பல், 6க்கு மஞ்சள். வேறு வண்ண முறைகளும் சந்தையில் உள்ளமையால், நிறத்தை மட்டும் நம்பாமல் உறையின்மீது அச்சிட்ட அளவைப் படித்துப் பார்த்தல் நன்று.

கம்பி முனையைப் பூணுக்குள் செலுத்தியபின், அதற்கென அமைந்த நெரிப்புக் கொறட்டால் அழுத்த வேண்டும். இவ்வழுத்தத்தில் நிகழ்வது வெறும் இறுக்கம் அன்று. தாமிரம் தன் மீள்தன்மை எல்லையைக் கடந்து நிலையாக உருமாறுகிறது. இழைகளுக்கு இடையிலிருந்த காற்று வெளியேற, வட்டமாக இருந்த ஒவ்வோர் இழையும் அண்டை இழைகளோடு ஒட்டித் தேனடையின் அறைகள்போல் பல கோண வடிவம் கொள்கிறது. உராய்வில் ஆக்சைடுப் படலங்கள் கிழிந்து, தூய உலோகம் தூய உலோகத்தைத் தொடுகிறது. காற்றும் ஈரமும் உட்புக இடமில்லாததால் அப்பரப்பு பின்னர் துருப்பிடிப்பதில்லை. பிரிந்து கிடந்த 36 இழைகள் ஒரு திண்ணிய கோலாக மாறிவிடுகின்றன. திருகாணியின் கூர்முனை இப்போது இழைகளைத் தீண்டாது. பூணின் சுவரைத்தான் அழுத்தும்.

நெரித்து இணைக்கும் முறை பெருவாரியாகப் பரவியது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். 1941ல் அமெரிக்காவில் யுங்கஸ் விட்டேக்கர் தொடங்கிய நிறுவனம் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் பற்றாசு வேண்டாத மின்முனைகளைச் செய்து தந்தது. ஏ.எம்.பி. என்ற அந்நிறுவனத்தின் பெயரிலேயே விமானமும் கடலும் அடங்கியிருந்தன. இடைவிடாத அதிர்வு உள்ள இடங்களில் ஈயப் பற்று விரிசல் காணும் என்பதும், போர்க்கால வேகத்தில் ஒவ்வொரு முனையையும் பற்றவைத்துக்கொண்டிருக்க இயலாது என்பதும் இம்மாற்றத்துக்குக் காரணங்கள்.

ஈயம் தோய்த்தால் போதாதா என்ற வினா நம் பயிற்சி நிலையங்களில் அடிக்கடி எழுவதுண்டு. இழைகளை முறுக்கி, ஈயத்தில் தோய்த்து, திருகாணிக்கு அடியில் வைத்தால் தோற்றத்துக்கு அது பூணைப் போலவே இருக்கும். ஆனால் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு மிக மென்மையானது. தொடர்ந்த அழுத்தத்தில் அது வெயிலில் வைத்த மெழுகுபோல் மெல்ல மெல்ல நழுவி ஒதுங்கும். திருகாணி பழையபடி தளரும். மேலும், பற்றாசு ஏறி நின்ற இடத்துக்கும் ஏறாத இடத்துக்கும் இடைப்பட்ட எல்லையில் கம்பி விறைத்து, அதிர்வில் அங்கேயே முறியும். ஆகவேதான் வீட்டு மின்கருவிகளுக்கான ஐ.இ.சி. 60335 என்னும் பன்னாட்டுத் தரம், திருகாணியின் அழுத்தத்துக்கு உள்ளாகும் இழைக் கம்பி முனைகளை மென்பற்றாசால் திரட்டக் கூடாது என்று பொதுவிதியாகக் கூறுகிறது.

கருவியும் கைத்திறனும்

பூண் மலிவானது; ஒரு தேநீரின் விலையில் சிறிய பூண்கள் பல வாங்கலாம். நெரிப்புக் கொறடுதான் விலை உயர்ந்தது. தரமான கொறட்டில் பல்சக்கரப் பூட்டு ஒன்று இருக்கும். ஒருமுறை அழுத்தத் தொடங்கினால், உரிய அளவு நெரிபடும்வரை அதன் வாய் திறவாது. பணிபுரிபவரின் கைவலிமை எத்தகையதாயினும் முடிவு ஒன்றாகவே இருக்கும் என்பது இதன் சிறப்பு. சதுரம், அறுகோணம், சரிவகம் எனப் பல வடிவங்களில் நெரிக்கும் கொறடுகள் உள. முனையத்தின் துளை வட்டமா தட்டையா என்பதைப் பார்த்து வடிவத்தைத் தேர்வது பொருத்தம்.

நாள்கூலிக்கு உழைக்கும் கம்பியாளர் இக்கொறட்டை வாங்கத் தயங்குகிறார். கட்டிங் பிளேயரால் கடித்தோ, சுத்தியலால் தட்டியோ பூணைத் தட்டையாக்கிவிடுகிறார். இவ்வாறு செய்த பூண் பூணே இல்லாமையைவிடத் தீயது எனலாம். வெளித்தோற்றத்தில் ஒழுங்காகவும் உள்ளே இழைகள் தளர்வாகவும் இருப்பதால் ஆய்வாளரும் ஏமாறுவார். அளவுக்கு மீறிப் பெரிய பூணை எடுத்து, இடத்தை நிரப்பக் கம்பியை மடித்துச் செருகுவதும், சிறிய பூணுக்குள் நுழைவதற்காக நாலைந்து இழைகளை நறுக்கிவிடுவதும் இதே இனத்தவை. காப்புறையின் ஓரம் குழலுக்குள் சிக்கிக்கொண்டால் உலோகம் பிளாஸ்டிக்கைப் பற்றி நிற்குமேயன்றி உலோகத்தைப் பற்றாது. ஒரே பூணில் இரண்டு கம்பிகளைத் திணிப்பதும் தவறு. அதற்கென அகன்ற கழுத்துள்ள இரட்டைப் பூண் தனியே உண்டு.

சரியாகச் செய்த முனையைச் சோதிக்க எளிய வழி அதனை இழுத்துப் பார்ப்பதே. தாழ் அழுத்த மின்கருவிகளுக்கான ஐ.எஸ்./ஐ.இ.சி. 60947 தரத்தில் முனையங்களின் இழுவைச் சோதனைக்கு 1.5 சதுர மில்லி மீட்டர் கம்பிக்கு 40 நியூட்டனும், 2.5க்கு 50 நியூட்டனும் விதிக்கப்பட்டுள்ளன. 50 நியூட்டன் என்பது ஏறத்தாழ 5 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். தொழிற்பயிற்சி நிலையங்களின் மின்பணியாளர் வகுப்பில் இச்சோதனையைச் செய்துகாட்டப் பெரிய செலவு ஏதும் இல்லை; ஒரு தராசுக் கல்லும் ஒரு கொக்கியும் போதும். கையால் முறுக்கியது, ஈயம் தோய்த்தது, பிளேயரால் கடித்தது, முறையாக நெரித்தது என நான்கு முனைகளை மாணவர் தம் கையாலேயே செய்து இழுத்துப் பார்ப்பது, கரும்பலகையில் எழுதிப்போடும் எந்த விளக்கத்தையும்விடப் பயன் தரும்.

பூண் இட்டுவிட்டதால் திருகாணியை மறந்துவிடலாம் என்பதில்லை. அதே தரத்தில் 3 மில்லி மீட்டர் திருகாணிக்கு 0.5 நியூட்டன் மீட்டர், 4 மில்லி மீட்டருக்கு 1.2 நியூட்டன் மீட்டர் என முறுக்கு விசை சொல்லப்பட்டிருக்கிறது. குறைவாக முடுக்குவது மட்டுமன்று, மரை தேயுமளவு முடுக்குவதும் கேடே. ஒற்றைத் திண்கம்பிக்குப் பூண் தேவையில்லை. இழைகளைத் தகட்டால் பரவலாக அழுத்தும் முனையங்களிலும், சுருள்வில்லால் பற்றும் புதுவகை முனையங்களிலும் பூண் இன்றியே நெகிழ் கம்பியை இணைக்கத் தயாரிப்பாளர் அனுமதிப்பதுண்டு. அந்தந்தக் கருவியின் குறிப்பேட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அலுமினியம் எனும் தனிச் சிக்கல்

இந்தியாவில் தாமிரத் தாது குறைவு; பாக்சைட்டு ஏராளம். அன்னியச் செலாவணி நெருக்கடி நிலவிய காலத்தில் இறக்குமதித் தாமிரத்தைச் சிக்கனப்படுத்த, மின்கம்பிகளில் அலுமினியத்தைப் புகுத்துவது நாட்டின் கொள்கையாயிற்று. 1967ல் இந்துஸ்தான் தாமிர நிறுவனம் தோன்றியபின்னும் தேவையில் பெரும்பகுதிக்கு வெளிநாடுகளையே நம்ப வேண்டியிருந்தது. எனவே 1960களிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் கட்டப்பெற்ற எண்ணற்ற வீடுகள், பள்ளிகள், அரசுக் கட்டிடங்களின் சுவர்களில் ஓடியவை அலுமினியக் கம்பிகள். அவற்றுள் பல இன்னும் பயன்பாட்டில் உள்ளன.

அலுமினியத்தின் கடத்துதிறன் தாமிரத்தினுடையதில் 61 சதவிகிதம். எடையோ மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆகவே ஒரே மின்னோட்டத்துக்கு அலுமினியக் கம்பி தடிமனில் பெரிதாயினும் எடையில் ஏறத்தாழப் பாதிதான். நெடுந்தொலைவுக் கம்பிகளுக்கு இதைவிட ஏற்றது இல்லை. முனையில்தான் வம்பு. காற்றுப் பட்ட கணத்திலேயே அலுமினியத்தின்மேல் மின்சாரத்தைக் கடத்தாத ஆக்சைடு படிகிறது. வெப்பத்தால் அது தாமிரத்தைவிடக் கூடுதலாக விரிகிறது. அழுத்தத்தில் நாளடைவில் தளர்ந்து கொடுக்கிறது. ஈரம் படும் இடத்தில் தாமிரத்தோடு நேரே சேர்த்தால் அரிமானத்துக்கு ஆளாகிறது.

ஐக்கிய அமெரிக்காவின் அனுபவம் இங்கே கருதத்தக்கது. அங்கு 1965க்கும் 1973க்கும் இடையே தாமிர விலையேற்றத்தால் ஏறத்தாழ 20 லட்சம் வீடுகளுக்கு அலுமினியக் கம்பி இடப்பட்டது. 1972க்கு முன் அவ்வாறு கம்பி இடப்பட்ட வீடுகளில் ஏதேனும் ஓர் இணைப்பு தீ அபாய நிலையை எட்டும் வாய்ப்பு, தாமிரக் கம்பி இட்ட வீடுகளைவிட 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மேற்கொண்ட ஆய்வு காட்டியது. சுவரை உடைத்துக் கம்பிகள் யாவற்றையும் மாற்ற இயலாத இடங்களில், ஆணையம் பரிந்துரைத்த தீர்வு என்ன? ஒவ்வோர் அலுமினிய முனையோடும் ஒரு சிறு தாமிரத் துண்டைச் சேர்த்து, தனிக் கருவியால் ஒரு குழலுக்குள் வைத்து நெரிப்பது. திருகாணி செய்ய முடியாததை நெரிப்பு செய்தது.

நம் நாட்டுப் பகிர்மான மின்மாற்றிகளின் அடியில் உள்ள பெட்டிகளிலும் கதை இதுவே. தடித்த அலுமினிய வடத்தின் இழைகளை வெறுமனே வளைத்து நட்டுக்கு அடியில் வைத்தால், கோடைக்காலப் பளுவில் அது கருகும். ஐ.எஸ். 8309 விவரிக்கும் அலுமினிய லக் என்னும் குழல் முனைகளை, இழைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மின்கடத்துப் பசையிட்டு, நீரழுத்தக் கருவியால் அறுகோணமாக நெரிக்க வேண்டும். தாமிர மரையாணியோடு இணையும் இடத்தில் ஈருலோக லக் வேண்டும். மேலே கண்ட தாமிரப் பூண்கள் தாமிரக் கம்பிக்கென அமைந்தவை. அவற்றை அலுமினியத்தில் மாட்டலாகாது. பெட்டியில் நடுக்கம்பியின் முனை மட்டும் கருகி விடுபட்டால் விளைவு தெருவுக்கே தெரியும். ஒரு வீட்டில் விளக்கு மங்க, மறு வீட்டில் 230 வோல்ட்டுக்கு மாறாக 350, 400 வோல்ட் வரை ஏறி, தொலைக்காட்சியும் மின்விசிறியும் ஒரே நொடியில் பாழாகும்.

பம்பு செட்டில் வேறு வகைக் கேடு நிகழ்கிறது. 5 குதிரைத் திறன் கொண்ட மும்முனை மோட்டாரின் தொடக்கி, கிணற்றோரக் கொட்டகையில் தூசிக்கும் ஈரத்துக்கும் எலிக்கும் நடுவே இருக்கிறது. மோட்டார் ஓடும்போதெல்லாம் அது அதிர்கிறது. மூன்று முனைகளில் ஒன்று தளர்ந்து துண்டிக்கப்பட்டால், எஞ்சிய இரண்டின் வழியாக மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்காக உயர, காப்பு ரிலே சரியாக அமைக்கப்படாதவிடத்துச் சில நிமிடங்களில் சுருள் கருகிவிடும். பயிர் வாடும் வாரத்தில் மோட்டாரைச் சுருள் கட்டக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் உழவருக்கு, மின்சாரம் இலவசமாக வந்தால் என்ன, கட்டணத்துக்கு வந்தால் என்ன?

ஒப்பந்தத்தில் சொல்லும் செயலும்

அரசுக் கட்டிடங்களில் மின்னிணைப்புப் பணி பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில் அளவிடப்படுகிறது. ஒரு விளக்குப் புள்ளிக்கு இவ்வளவு தொகை என்ற முறை கணக்கிட எளிது. ஆனால் சுவருக்குள் மறையும் முனைகளுக்கு அதில் தனி இடமில்லை. ஒப்பந்தக்காரர் பாயிண்ட்டுகளைப் பெருக்க விரைகிறார். அளவுப் புத்தகத்தில் ஏறாத வேலைக்கு எவரும் நேரம் ஒதுக்குவதில்லை. முனையிடலைத் தனி இனமாக விவரக் குறிப்பில் சேர்த்து, நூற்றுக்கு இத்தனை முனைகளை ஆய்வாளர் திறந்து இழுத்துப் பார்ப்பார் என்ற ஒரு வரியை எழுதினாலே பெரும் மாறுதல் காணலாம். பூணுக்கான பணத்தோடு கொறட்டுக்கான ஏற்பாட்டையும் ஒப்பந்தம் கோர வேண்டும்.

சொற்குழப்பம் ஒன்றையும் அலுவலர்கள் அறிந்திருத்தல் நலம். நம் நாட்டுக் கட்டுப்பாட்டுப் பலகைத் தொழிற்கூடங்களில் ஃபெரூல் என்றால், கம்பியின் எண்ணைக் காட்டுவதற்காக மாட்டும் சிறு பிளாஸ்டிக் வளையத்தையே பலரும் நினைக்கின்றனர். நெரிக்கும் பூணுக்குப் பின் லக் என்றும், தட்டையான அல்லது வளையமான முனைகளுக்குத் திம்பிள் என்றும் பெயர் வழங்குகிறது. 'கம்பிகள் யாவும் ஃபெரூல் இடப்பட வேண்டும்' என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில், எண் வளையத்தை மாட்டிவிட்டுப் பணி முடிந்தது என்று ஒப்பந்தக்காரர் கூறினால் அவரைக் குறைசொல்ல இயலாது. நெரித்துப் பொருத்தும் தாமிரக் குழல் என்று விளக்கியே எழுத வேண்டும்.

1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டு, தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில்தான் மின்பணி நடைபெற வேண்டும் என்று வகுத்தது. அதன்பின் வந்த மத்திய மின்சார ஆணைய ஒழுங்குமுறைகளும் அக்கருத்தையே பின்பற்றுகின்றன. நடைமுறையில் சான்றிதழில் கையொப்பமிடுபவர் ஒருவராகவும் கம்பி முனையைச் சீவுபவர் வேறொருவராகவும் இருப்பது கண்கூடு. பின்னவர் பெரும்பாலும் பள்ளிப்படிப்பை இடையில் விட்டு, உறவினரிடம் தொழில் பழகிய இளைஞர். நெரிப்புக் கொறட்டை அவர் கையில் கொடுத்து ஒரு நாள் பழக்கினால் கற்றுக்கொண்டுவிடுவார். கற்பிப்பார் இல்லை என்பதே குறை.

இக்குறை இனிமேல் கூடுதலாக உறுத்தும். 2019ல் தொடங்கிய பி.எம். குசும் திட்டம் உழவர்களுக்குச் சூரிய பம்புகளையும், 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூரிய கர் திட்டம் 1 கோடி வீடுகளின் கூரைகளுக்குச் சூரியத் தகடுகளையும் இலக்காகக் கொண்டவை. கூரையிலிருந்து இறங்கும் கம்பிகள் முலாம் பூசிய நெகிழ் தாமிர இழைகளாலானவை. அவற்றின் முனைகளும் இணைப்பான்களும் நெரித்தே பொருத்தப்படுபவை. மாறுதிசை மின்னோட்டம் ஒரு நொடியில் 100 முறை சுழியைத் தொட்டு மீள்வதால், தளர்ந்த முனையில் தோன்றும் தீப்பொறி அணைந்துபோக அதற்கு வாய்ப்புண்டு. தகடுகள் தருவது நேர்திசை மின்னோட்டம். அது சுழியைத் தொடுவதே இல்லை. கூரைமீது ஒரு முனை தளர்ந்து தீப்பொறி விழுந்தால், வெயில் இருக்கும்வரை அது எரிந்துகொண்டே இருக்கும். கீழே பிரதான விசையை அணைத்தாலும் தகட்டுக்கும் விசைக்கும் இடைப்பட்ட கம்பியில் மின்னழுத்தம் இருந்துகொண்டேதான் இருக்கும்.